மயக்கமும் விழிப்பும்

நுழையும்முன்
பல்வலியை அறியாத மனிதர் அரியர். அவ்வலியைப் போக்க முயன்ற பல் மருத்துவர்களே அறுவை மருத்துவ உலகிற்குப் பொது மயக்கத்தை வழங்கினர். ஆயினும், அது பிறந்த இடமாகிய பல் மருத்துவமனையிலேயே இன்று அதனை மிகுந்த கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த வேண்டும் என்கிறது மருத்துவ உலகம். இம்மாற்றத்திற்கான காரணத்தை வரலாற்றின் துணையோடும் அறிவியலின் துணையோடும் விளக்குகிறது இப்பாடம்.

நீரும் பல்லும்
தருமபுரி மாவட்டத்தில், காவிரியை அடுத்து அமைந்த ஊர் ஏரியூர். ஆறு அருகில் ஓடினாலும், இம்மாவட்டத்து மக்கள் நெடுங்காலம் பருகியது பெரும்பாலும் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையுமே. கடினப் பாறைகளின் இடுக்குகளில் தேங்கும் நிலத்தடி நீரில், அப்பாறைகளில் உள்ள புளூரைடு சிறிது சிறிதாகக் கரைகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளூரைடு இருத்தல் கூடாது என்பது உலக நலவாழ்வு அமைப்பின் வரையறை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் இவ்வளவைக் கடந்திருந்தது. பற்சிப்பி உருவாகும் குழந்தைப் பருவத்தில் இந்நீரைத் தொடர்ந்து பருகுவோரின் பற்களில் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. பாதிப்பு மிகும்போது பற்சிப்பி குழி விழுந்து உதிரவும் கூடும். இக்குறையைக் களைவதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் தீட்டப்பட்டது. 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்ற இத்திட்டம், 2013இல் பயன்பாட்டிற்கு வந்தது.

பல்லைப் பற்றிய கவலை இம்மாவட்டத்திற்குப் புதிதன்று. புளூரைடினால் ஏற்படும் கறை ஒருபுறமிருக்க, இனிப்புப் பண்டங்களாலும் முறையாகப் பல் துலக்காமையாலும் வரும் சொத்தை எல்லா ஊர்களுக்கும் பொதுவானது. நான்கு வயதுக் குழந்தைக்கு ஆறேழு பற்கள் சொத்தையாகி, நாற்காலியில் அமரவே அது மறுத்து அழும்போது, “மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் முடித்துவிட இயலாதா?” என்று பெற்றோர் வினவுவது இயல்பு. இவ்வினாவிற்கு இயலும் என்றோ இயலாது என்றோ ஒரு சொல்லில் விடையளித்தல் பொருந்தாது. எங்கே, யாரால், யாருடைய கண்காணிப்பில் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

பல் மருத்துவர் தந்த கொடை
மயக்க மருந்து அறியப்படாத காலத்தில் மருத்துவரின் திறமை அவருடைய வேகத்தைக் கொண்டே அளக்கப்பட்டது. நோயாளியைப் பலர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நொடிப்பொழுதில் பல்லைப் பிடுங்குபவரே வல்லவர் எனப் போற்றப்பட்டார்.

1800ஆம் ஆண்டில் ஆங்கில அறிவியலாளர் ஹம்ஃப்ரி டேவி, நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயு வலியைத் தணிப்பதைக் கண்டு, அதனை அறுவை மருத்துவத்தில் பயன்படுத்தலாம் என எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கருத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. அவ்வாயு ‘சிரிப்பூட்டும் வாயு’ என்னும் பெயரில் கேளிக்கை அரங்குகளில் மட்டும் உலவியது.

1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் அத்தகைய கேளிக்கை ஒன்று நடைபெற்றது. வாயுவை நுகர்ந்து துள்ளிய ஒருவருடைய கால் இடிபட்டுக் குருதி வழிந்தது. அவரோ வலியை உணரவேயில்லை. பார்வையாளர்களுள் ஒருவராக அமர்ந்திருந்த ஹொரேஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவர் இதனைக் கூர்ந்து நோக்கினார். மறுநாளே அவ்வாயுவைத் தாம் நுகர்ந்து, தம்முடைய கடைவாய்ப் பல் ஒன்றைச் சக மருத்துவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். வலி தோன்றவில்லை. வேறு சிலரிடமும் இம்முறை வெற்றி கண்டது. 1845 ஜனவரியில் பாஸ்டன் நகரில் மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் அவர் இதனைச் செய்து காட்டியபோது, வாயு போதிய அளவு உட்செல்லாமையால் நோயாளி குரலெழுப்பினார். கூடியிருந்தோர் எள்ளி நகையாடினர். மனமுடைந்த வெல்ஸ் 1848இல் தம் 33ஆம் அகவையில் மறைந்தார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவருடைய கண்டுபிடிப்பை ஏற்றுப் பெருமைப்படுத்தியது 1864இல்தான்.

வெல்ஸுடன் முன்னர் இணைந்து தொழில் செய்த வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதரைத் தேர்ந்தெடுத்தார். 1846 செப்டம்பர் 30 அன்று ஈதரை நுகரச் செய்து ஒருவருடைய பல்லை வலியின்றிப் பிடுங்கினார். அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மார்ட்டன் ஈதரைச் செலுத்த, ஜான் காலின்ஸ் வாரன் என்னும் அறுவை மருத்துவர் நோயாளியின் கழுத்துக் கட்டியை அகற்றினார். அந்நாள் இன்றும் உலக மயக்கவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கடல் கடந்து பரவிய ஈதர், 1847 மார்ச் மாதத்திலேயே கொல்கத்தாவில் பயன்படுத்தப்பட்டது.

இனிமையின் நிழலில் இடர்
ஈதர் தொண்டையை எரித்தது; நுகர்ந்தவுடன் பயன் தரவும் தாமதித்தது. 1847 நவம்பரில் எடின்பரோ நகரின் ஜேம்ஸ் யங் சிம்ப்சன், நறுமணமும் விரைந்த செயலும் உடைய குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். உலகம் அதனை மகிழ்ந்து வரவேற்றது. அம்மகிழ்ச்சி மூன்று மாதங்கள்கூட நீடிக்கவில்லை. 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகில், கால் விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் நுகர்ந்த ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, ஓரிரு நிமிடங்களில் உயிரிழந்தாள். இப்பாடத்தைப் பயிலும் மாணவர்களின் அகவையை ஒத்தவள் அவள். அவளுக்கு வந்த நோயோ உயிரைப் பறிக்கும் நோயன்று, வெறும் நகக்குறைதான். ‘சிறிய மருத்துவம்’ என்பது உண்டு. ‘சிறிய மயக்கம்’ என்பது இல்லை என்னும் உண்மையை அவ்விறப்பு உலகிற்கு உணர்த்தியது. பல் பிடுங்கும் நாற்காலியிலும் இத்தகைய இறப்புகள் நேர்ந்தன.

குளோரோஃபார்ம் உயிரைக் கவர்வது எவ்வாறு என்னும் ஆராய்ச்சிக்கு இந்திய மண்ணும் களமாயிற்று. ஐதராபாத் நிஜாமின் பொருளுதவியுடன் எட்வர்டு லாரி என்னும் மருத்துவர் 1888இலும் 1889இலும் இரு குளோரோஃபார்ம் ஆய்வுக் குழுக்களை நடத்தினார். விலங்குகளிடம் நூற்றுக்கணக்கான சோதனைகளைச் செய்த அக்குழுக்கள், முதலில் நிற்பது மூச்சே. ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என முடிவுகூறின. 1911இல் குட்மேன் லெவி என்பவர், மெல்லிய மயக்கத்திலும் இதயம் திடீரென நிற்கக்கூடும் என மெய்ப்பித்தார். மூச்சையா, இதயத்தையா என்னும் நெடிய வழக்கிற்கு, இரண்டையும் இடைவிடாது கவனிக்க வேண்டும் என்பதே முடிந்த விடையாயிற்று.

தெரிந்து தெளிவோம்
ஐதராபாத் மருத்துவப் பள்ளியில் எட்வர்டு லாரியிடம் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி, குளோரோஃபார்ம் செலுத்துவதில் சிறந்து விளங்கினார். உலகின் தொடக்ககாலப் பெண் மயக்கவியல் மருத்துவர்களுள் ஒருவராக மருத்துவ வரலாறு அவரைப் போற்றுகிறது. பெண்கள் மருத்துவம் பயில்வதே அரிதாயிருந்த காலம் அது.

உறக்கமும் மயக்கமும் ஒன்றல்ல
‘தூங்க வைத்துப் பல் பிடுங்குவார்கள்’ என்பது மக்கள் வழக்கு. உறங்குபவரைத் தட்டினால் விழிப்பார். அவருடைய தொண்டையில் ஒரு துளி நீர் இறங்கினாலும் இருமி வெளித்தள்ளுவார். பொது மயக்கத்தில் இருப்பவர் இவ்விரண்டையும் செய்ய இயலாதவர். உணர்வு, வலி, நினைவு ஆகியவற்றோடு, மூச்சுக்குழாயைக் காக்கும் இருமல், விழுங்கல் போன்ற அனிச்சைச் செயல்களும் அடங்கிவிடுகின்றன. நாக்கு பின்னோக்கிச் சரிந்து காற்று வழியை அடைக்கக்கூடும். மூச்சின் ஆழம் குறையும். குருதி அழுத்தம் தாழும். உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பொறுப்பை மயக்கவியல் மருத்துவரிடம் ஒப்படைத்திருக்கும் நிலையே பொது மயக்கம்.

வயிற்றிலோ காலிலோ அறுவை நிகழும்போது அறுவை மருத்துவர் ஓரிடத்திலும் மயக்கவியல் மருத்துவர் மற்றோரிடத்திலும் நின்று பணியாற்றுவர். பல் மருத்துவத்தில் இருவருக்கும் உரிய களம் ஒன்றே. காற்று செல்லும் வாயிலாகிய வாயிலேயே பல் மருத்துவரின் கருவிகளும் இயங்குகின்றன. குருதி, கருவி தெளிக்கும் நீர், உடைந்த பல்லின் துணுக்கு ஆகிய எதுவும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிட வாய்ப்புண்டு. எனவேதான், மூக்கின் வழியாகக் குழாயைச் செலுத்தி மூச்சுக்கு வழியமைத்து, தொண்டையில் ஈரத்துணிச் சுருளை வைத்துக் காத்து, பணி முடிந்ததும் அச்சுருளை மறவாமல் அகற்றுகின்றனர்.

குழந்தைகளிடம் இக்கவனம் மேலும் மிகுதியாக வேண்டும். அவர்கள் உடலில் ஆக்சிஜன் சேமிப்பு குறைவு, செலவோ மிகுதி. மூச்சு தடைப்பட்டால், பெரியவர்களைவிட விரைவாகக் குருதியில் ஆக்சிஜன் குறைந்துவிடும். மூளைக்குச் சில நிமிடங்கள் ஆக்சிஜன் கிட்டாவிடில் மீளாக் கேடு விளையும். இதனைக் காலத்தே அறிவிக்கும் கருவியே விரல் நுனியில் பொருத்தப்படும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களில் இதன் அடிப்படை நெறியைக் கண்டறிந்தார். இதனுடன், வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி, இதயத் துடிப்பு வரைவி, குருதி அழுத்தமானி ஆகியனவும் மயக்கம் தரும் இடத்தில் இருத்தல் வேண்டும். கருவிகள் எத்தனை இருப்பினும், அவை ஒலிக்கும் எச்சரிக்கையைக் கேட்டு உடனே செயற்படும் மனிதர் இல்லையெனில் பயனில்லை.

இடத்தை மட்டும் மரக்கச் செய்தல்
நெடுநேரம் சப்பணமிட்டு அமர்ந்தால் கால் ‘மரத்துப் போயிற்று’ என்கிறோம். அச்சொல்லைக் கொண்டே, குறிப்பிட்ட இடத்தின் உணர்வை மட்டும் நீக்கும் மருந்தை ‘மரப்பு மருந்து’ எனலாம். 1884இல் வியன்னாவின் கார்ல் கோலர், கோகெய்ன் கரைசலால் கண்ணை மரக்கச் செய்து அறுவை மருத்துவம் செய்யலாம் எனக் காட்டினார். அதனைத் தொடர்ந்து அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், கீழ்த்தாடை நரம்பினருகே அம்மருந்தைச் செலுத்தி அப்பக்கத்துப் பற்களை மரக்கச் செய்தார். கோகெய்ன் அடிமையாக்கும் தன்மையுடையது என்பதால் மாற்று தேடப்பட்டது. 1905இல் புரோகெயினும், 1943இல் ஸ்வீடன் நாட்டு நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கிய லிடோகெயினும் அத்தேடலின் பயன்கள். இன்று நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் இடப்படும் ஊசியில் இருப்பது பெரும்பாலும் லிடோகெயினே.

நரம்பிழையின் சவ்வில் உள்ள நுண்வழிகளின் ஊடே சோடியம் அயனிகள் உட்புகுவதால்தான் வலிச் செய்தி மூளையை நோக்கி ஓடுகிறது. மரப்பு மருந்து அவ்வழிகளைச் சிறிது நேரம் அடைக்கிறது. செய்தி புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறது. மருந்துடன் சேர்க்கப்படும் சிறிதளவு அட்ரினலின் அவ்விடத்துக் குருதி நாளங்களைச் சுருக்கி, மருந்து விரைவில் கரைந்து போகாமல் காக்கிறது. நோயாளி விழித்திருக்கிறார், தாமே மூச்சு விடுகிறார், துப்பச் சொன்னால் துப்புகிறார். இதனால்தான் பெரும்பாலான பல் மருத்துவத்திற்கு மரப்பு ஊசியே முதல் தெரிவாகிறது.

மரப்பு ஊசிக்கும் பொது மயக்கத்திற்கும் இடையே ஒரு படியும் உண்டு. அச்சம் மிகுந்தோர்க்கு நைட்ரஸ் ஆக்சைடை ஆக்சிஜனுடன் கலந்து மூக்கு மூடியின் வழியே அளித்து, விழிப்பு நிலையிலேயே அமைதியூட்டுவர். பேச்சுக்கு மறுமொழி கூறும் நிலையில் நோயாளி இருப்பதே இதன் எல்லைக்கோடு. அவர் மறுமொழி கூறாவிடில், அது அமைதியூட்டலைக் கடந்து மயக்கத்தின் வாயிலை எட்டிவிட்டது என்பது பொருள்.

ஒருவரே இருவராதல் இயலாது
பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், சாதாரணப் பல் மருத்துவ நிலையங்களிலேயே பொது மயக்கம் தரும் வழக்கம் பரவியிருந்தது. பல்லைப் பிடுங்குபவரே மயக்க மருந்தையும் செலுத்திய காலமும் உண்டு. பல்லில் கண் பதித்திருப்பவர் மூச்சை எங்ஙனம் கவனிப்பார்? நலமுடன் வந்த குழந்தைகளும் இளைஞர்களும் உயிரிழந்த நிகழ்வுகள் அந்நாட்டைச் சிந்திக்க வைத்தன. 1990இல் வெளியான பாஸ்வில்லோ குழுவின் அறிக்கை, பொது மயக்கத்தை இயன்றவரை தவிர்க்கவும் பயிற்சியையும் கருவிகளையும் மேம்படுத்தவும் அறிவுறுத்தியது. அதன் பின்னரும் இறப்புகள் முற்றிலும் ஒழியவில்லை. 2001 டிசம்பர் இறுதிக்குப் பிறகு, தீவிர மருத்துவ வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டுமே பல் மருத்துவத்திற்காகப் பொது மயக்கம் தரப்பட வேண்டும் என்னும் நிலை அங்கே ஏற்பட்டது.

நம் நாட்டில் பல் மருத்துவமும் மயக்கவியலும் தனித்தனிக் கல்விப் பாதைகள். பல் மருத்துவர், பல் மருத்துவ இளநிலைப் படிப்பை முடித்தவர். மயக்கவியல் மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்த பின் மயக்கவியலில் மேற்படிப்புப் பயின்றவர். ஒருவர் மற்றவருக்கு மாற்றாக மாட்டார். இருவரும் ஒருங்கே இருக்கும்போதுதான் நோயாளிக்குக் காப்பு உண்டு.

இதனால் பொது மயக்கம் வேண்டாதது என்று கொள்ளலாகாது. பல பற்கள் ஒருசேரக் கெட்ட இளங்குழந்தை, மருத்துவருடன் ஒத்துழைக்க இயலாத அறிவுசார் மாற்றுத்திறனாளி, தாடையெலும்பு முறிந்தவர், மரப்பு மருந்து பயன்தராத அளவு பரவிய தொற்றுடையோர் ஆகியோருக்கு அது பெரும் பேறு. அத்தகையோரை வலியோடு விட்டுவைப்பதும் கட்டிப் பிடித்து மருத்துவம் செய்வதும் அறமாகா. ஏரியூர் போன்ற ஊரில் உள்ள பெற்றோர், அருகிலுள்ள பல் மருத்துவரிடம் குழந்தையைக் காட்டி, பொது மயக்கம் தேவையென அவர் கருதினால், மயக்கவியல் துறை உள்ள மருத்துவமனையை நாடுவதே முறை. அப்பயணத்தின் அலைச்சலுக்கு அஞ்சி, வசதியற்ற இடத்தில் ‘அரை மணி நேர வேலைதானே’ என ஒப்புக்கொள்ளுதல் தகாது.

கேட்க வேண்டியனவும் சொல்ல வேண்டியனவும்
மருத்துவரிடம் வினவுவது அவரை ஐயுறுவது ஆகாது. மயக்க மருந்தைச் செலுத்துபவர் யார்? அவர் பணி முடியும்வரை உடனிருப்பாரா? ஆக்சிஜனும் உயிர்காக்கும் மருந்துகளும் கருவிகளும் ஆயத்தமாக உள்ளனவா? மரப்பு ஊசியால் இதனைச் செய்ய இயலாதா? இந்நான்கு வினாக்களையும் கேட்பது நோயாளியின் உரிமை. நல்ல மருத்துவர் மனமுவந்து விடையளிப்பார்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டியனவும் உள. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, மருந்து ஒவ்வாமை, உட்கொண்டு வரும் மருந்துகள், அண்மையில் வந்த சளி, காய்ச்சல், மயக்க மருந்தினால் குடும்பத்தில் எவருக்கேனும் நேர்ந்த தொல்லை ஆகிய அனைத்தையும் கூறிவிட வேண்டும்.

இவற்றினும் இன்றியமையாதது வெறும் வயிறு. மயக்கத்திற்கு முன் திட உணவையும் பாலையும் ஆறு மணி நேரமும், தாய்ப்பாலை நான்கு மணி நேரமும், தெளிந்த நீரை இரண்டு மணி நேரமும் தவிர்க்குமாறு மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துவர். குழந்தை பசியால் அழும்போது, பாட்டியோ அத்தையோ இரக்கம் மேலிட்டு இரண்டு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிடுவது நம் வீடுகளில் நிகழக்கூடியதே. மயக்கத்தில் அவ்வுணவு மேலெழுந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஊறு நேரும். அன்பினால் கொடுத்துவிட்டாலும் அதனை மருத்துவரிடம் மறைத்தல் கூடாது. மருத்துவத்தை மறுநாளுக்குத் தள்ளிவைப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. மயக்கம் தெளிந்த நாளில் நோயாளி தனியே வீடு திரும்புதலும் வண்டி ஓட்டுதலும் தவிர்க்கப்பட வேண்டியவை.

வருமுன் காத்தல்
மயக்கம் தேவைப்படாத பல்லே சிறந்த பல். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய மரபு நம்முடையது. இன்று தூரிகையும் பற்பசையும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. காலையும் இரவும் பல் துலக்குதல், பால்புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்கவிடாமை, இனிப்பை உணவு வேளையோடு நிறுத்துதல், புளூரைடு மிகுந்த பகுதியினர் பாதுகாக்கப்பட்ட குடிநீரையே பருகுதல் ஆகியன எவர்க்கும் இயலும் எளிய வழிகள். பால்பற்கள் விழப்போகின்றவைதாமே எனப் புறக்கணித்தலும் பிழை. அவற்றின் சொத்தை வலி தருவதோடு பின்னர் முளைக்கும் நிலைப்பற்களையும் தாக்கும்.

வெல்ஸும் மார்ட்டனும் மனித குலத்தை வலியின் பிடியிலிருந்து மீட்டனர். அவர்களுக்குப் பின் வந்தோர், மயங்கிய உயிருக்காக விழித்திருக்கும் கலையைக் கற்றுத் தந்தனர். வலியின்றி மருத்துவம் பெறுதல் ஒவ்வொருவருக்கும் உரியது. அம்மயக்கத்திலிருந்து நலமாக விழித்தெழுதலும் அதனினும் உரியது. இவ்விரண்டையும் ஒருசேரக் கேட்டுப் பெறும் அறிவே மருத்துவ விழிப்புணர்வு எனப்படும்.

பயிற்சி

குறுவினா
1. ‘சிரிப்பூட்டும் வாயு’ எனப்படுவது யாது?
2. உலக மயக்கவியல் நாள் கொண்டாடப்படுவதன் காரணம் என்ன?

சிறுவினா
1. உறக்கத்திற்கும் பொது மயக்கத்திற்கும் உள்ள வேறுபாடுகளைக் கூறுக.
2. மரப்பு மருந்து வலியை உணராமல் செய்யும் முறையை விளக்குக.

நெடுவினா
‘சிறிய மருத்துவம் உண்டு, சிறிய மயக்கம் இல்லை’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் வழி நிறுவுக.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊரின் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும், அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு இயங்கும் நாள்களையும் கேட்டறிந்து, ஊர்மக்களுக்கான விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.